கால் மணி நேரத் தீர்ப்பு

செங்கற்பட்டில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணக்கிலே புலி, எதையும் எழுத்து மூலம் கண்டாலொழிய நம்பமாட்டார். 2020-ம் வருஷம் ஆடி மாதம் அவருக்கு லேசாகக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள், பெயர் சொல்ல வேண்டாத ஓரிடத்தில் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். கால் மணி நேரத்தில், "நெகட்டிவ், கொரோனா இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிக் காகிதமும் கொடுத்துவிட்டார்கள்.

எழுத்து மூலம் வந்துவிட்டதல்லவா? மனிதர் மறுநாளே திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனார். அங்கே அவருடைய தமக்கையார் தனியாக இருந்தார்; எழுபதைத் தாண்டியவர். "ரத்தமே சோதிச்சாச்சு அக்கா, எனக்கு ஒண்ணுமில்லே" என்றார் இவர். "அப்புறம் வாசல்லே ஏன் நிக்கறே? உள்ளே வாடா" என்றார் அந்த அம்மாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நாள் தம்பிக்கு மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரியில் மூக்கிலும் தொண்டையிலும் சளி எடுத்துப் பார்த்ததில் நோய் உறுதியாயிற்று. தம்பி பிழைத்துக்கொண்டார். அக்கா பிழைக்கவில்லை.

"சோதனை பொய் சொல்லிவிட்டது" என்று நண்பர் இன்றும் புலம்புகிறார். என் அபிப்பிராயம் வேறு. சோதனை மெய்யைத்தான் சொல்லிற்று. அதனிடம் கேட்ட கேள்விதான் தப்பு.

கிருமி உடம்பில் புகுந்த பிறகு அதை எதிர்க்க உடம்பு தயார் செய்கிற சரக்குக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். விரலைக் குத்தும் அந்தச் சோதனை கிருமியைத் தேடுவதில்லை, எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அதுவோ காய்ச்சல் கண்டு ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சேர்கிறது. திருடன் புகுந்து வெகுநேரம் சென்ற பிறகு போலீஸ்காரர் வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் போலீஸ்காரரைக் காணோம், ஆகவே வீட்டில் திருடன் இல்லை என்று ஒருவர் நிம்மதியாகத் தூங்கப் போனால் அவரை என்ன சொல்வீர்கள்? என் நண்பர் கையிலிருந்த காகிதம் அப்படிப்பட்டதுதான். அன்றைக்கு அவர் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை; முழு உண்மை. கிருமி இருந்தது, அதுவும் முழு உண்மை.

உலகெங்கும் நடந்த பரிசோதனைகளைத் திரட்டி, காக்ரேன் என்ற ஆராய்ச்சிக் கூட்டமைப்பு 2020 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. நோய்க்குறி தோன்றிய முதல் வாரத்தில் இத்தகைய சோதனைகள் நூறு நோயாளிகளில் சுமார் முப்பது பேரைத்தான் கண்டுபிடித்தன. இரண்டாம் வாரம் எழுபத்திரண்டு. மூன்றாம் வாரம் தொண்ணூற்றொன்று. பிறருக்கு நோயைக் கொடுக்கக்கூடிய நாட்களில் ஊமையாக இருந்து, ஆபத்து கடந்த பிறகு வாய் திறக்கிற சாட்சி இது!

இந்தச் சாட்சியை நாம் எப்படி வரவேற்றோம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரல் மாதத்தில் சீனாவிலிருந்து 24,000 துரித சோதனைக் கருவிகள் தமிழ்நாட்டுக்கு வந்து இறங்கின. சேலத்தில் சோதனையும் தொடங்கிற்று. ராஜஸ்தானத்தில், நோய் உறுதியானவர்களிடமே சோதித்துப் பார்த்து, 5.4 சதவிகிதந்தான் சரியாக இருக்கிறது என்றார்கள். ஏப்ரல் 21-ம் தேதி, இரண்டு நாளைக்கு நிறுத்தி வையுங்கள் என்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். 27-ம் தேதி, இரண்டு சீனக் கம்பெனிகளின் கருவிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டது.

உடனே நாட்டில் பெரிய சண்டை மூண்டது. எதைப் பற்றி? விலையைப் பற்றி! 245 ரூபாய்க்கு இறக்குமதியானதை 600 ரூபாய்க்கு விற்றது நியாயமா என்று டில்லி ஹைகோர்ட் வரைக்கும் போயிற்று. சத்தீஸ்கர் 337 ரூபாய்க்கு வாங்கியிருக்கும்போது தமிழ்நாடு ஏன் 600 கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். "சீனச் சரக்கே இப்படித்தான்" என்று இன்னொரு கூச்சல். ஆறு மாதத்துக்கு முன்னால், 2019 அக்டோபரில், சீன அதிபர் மாமல்லபுரத்துக்கு வந்தபோது சாலையெல்லாம் வாழைமரம் கட்டி வரவேற்ற அதே நாம்தான்!

மட்டமான சரக்கு வந்திருக்கலாம். ஆனால் சுவிட்ஸர்லாந்தில் செய்த முதல் தரமான கருவியாக இருந்தால் மட்டும், இரண்டாம் நாள் காய்ச்சலில் இல்லாத எதிர்ப்பொருளை எங்கிருந்து காட்டும்? இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் வெகு சிலர். நெகட்டிவ் என்று வந்தால் அதோடு விடாமல், தேவைப்படும்போது சளிச் சோதனையும் செய்ய வேண்டும் என்று கவுன்சிலின் விதிகளிலேயே இருந்தது. டில்லியிலிருந்து புறப்பட்ட அந்த எச்சரிக்கை செங்கற்பட்டில் என் நண்பருடைய காகிதம் வரைக்கும் வந்து சேரவில்லை.

இது புதுப் பாடமும் அல்ல. க்ஷய ரோகத்தைக் கண்டுபிடிக்க இதே மாதிரி எதிர்ப்பொருள் சோதனைகள் நம் நாட்டில் அமோகமாக விற்பனையாகிக் கொண்டிருந்தன. அவற்றை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2011-ல் சொல்லிற்று. 2012-ல் இந்திய சர்க்காரே அவற்றைத் தடை செய்தது. எட்டு வருஷத்தில் எப்படி மறந்தோம்?

செங்கற்பட்டின் பெயர் வைத்திய உலகத்தில் ஒரு நல்ல காரியத்துக்காகவும் பிரசித்தமானது. 1968-ல் அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவின் திருவள்ளூர் வட்டாரத்தில், பி.சி.ஜி. ஊசியைப் பற்றிய மாபெரும் சோதனை ஒன்று ஆரம்பமாயிற்று. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கலந்துகொண்டார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவைப் பல வருஷம் பொறுத்திருந்து பார்த்து, மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னார்கள். அதை நடத்தியதும் இதே கவுன்சில்தான். அந்தப் பொறுமை 2020-ல் நமக்கு இல்லை. கால் மணி நேரத்தில் பதில் வேண்டும் என்று துடித்தோம்.

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, ஒன்றுமில்லாததற்கு இது மேலல்லவா?" என்று அப்போது பலர் வாதாடினார்கள். இலுப்பைப்பூ உண்மையிலேயே இனிக்கும், ஐயா! அதனால்தான் பழமொழி நிற்கிறது. ஒரு காகிதமும் இல்லாதிருந்தால் என் நண்பர் காய்ச்சலோடு வீட்டிலே முடங்கியிருப்பார். காகிதம்தான் அவரை வீட்டைவிட்டுக் கிளப்பியது. தைரியம் கொடுக்கும் தப்பான பதிலைவிட, பயந்து வீட்டோடு இருக்கச் செய்யும் அறியாமை ஆயிரம் மடங்கு மேல்.

எதிர்ப்பொருள் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஊரில் எத்தனை பேருக்கு நோய் வந்து போயிற்று என்று கணக்கெடுக்க அது அருமையான சாதனம். 2020 கடைசியில் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் வந்து போயிருந்தது தெரிந்தது. சர்க்காருக்கு அது வேண்டிய செய்தி. காய்ச்சல்காரனுக்கு அல்ல.

நான் கேட்பது சிறிய காரியம். அடுத்த கொள்ளை நோய் வரும்; துரித சோதனைகளும் வரும். எந்தச் சோதனையானாலும், அது எந்த நாளில், எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அந்தக் காகிதத்திலேயே, முடிவுக்கு மேலே, கொட்டை எழுத்தில், தமிழில் அச்சிடட்டும். எழுத்து மூலம் கண்டால்தான் நம்புவேன் என்கிறவர்கள் என் நண்பர் ஒருவர்தானா? நாம் எல்லோருமே அந்த ஜாதிதான்.