சமம் இல்லாத சமக்குறி

மாடம்பாக்கத்துல எங்க தெருப் பசங்க பிளஸ் டூவுல பைத்தான் படிக்கிறாங்க. 'க = க + 1'னு பார்த்ததும் முழிக்கிறாங்க. முழிக்கத்தானே வேணும்! 1557-ல் ராபர்ட் ரெக்கார்ட் அச்சேற்றிய அந்த இரட்டைக் கோடு, கணக்கு வகுப்புல பத்து வருஷமா 'சமம்'. இங்கே மட்டும் 'வலப்பக்கம் வர்றதை இடப்பக்கப் பெயர்ல வை'ங்கிற கட்டளை. சமமானு கேட்க == போடணும். தமிழிலேயே நிரல் எழுத வந்த 'எழில்' மொழியும் ஆணைச்சொற்களைத்தான் தமிழாக்கிச்சு, இந்தக் குறிகளை அல்ல.

என் கட்சி இதுதான்: குறியை மாத்த வேணாம், வாசிப்பை மாத்துங்க. =ஐ 'வை'ன்னும், ==ஐ 'சமமா?'ன்னும் வாசிக்கச் சொல்லுங்க. ரெண்டையும் 'ஈக்வல் டு'ன்னே ஒப்பிச்சா, இஃப்-க்குள்ள ஒத்தை = தான் விழும். பைத்தான் உடனே திட்டிடும். பிளஸ் ஒன்னுல படிச்ச சி++ஸோ ஏத்துக்கிட்டு, 5-ஐ உள்ள வச்சுட்டு, 'உண்மை'ன்னு போயிட்டே இருக்கும். பையன் மட்டும் 'நமக்கு கம்ப்யூட்டர் வராது'ன்னு உட்கார்ந்துடுவான்.