ஐவர் இறங்கினோம்

ஐம்பது வயதை எட்டிய ஆறு ஆடவர், காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனிமலையில் சறுக்கி விளையாடச் சென்றனர் என்றால், கேட்பவர் நகைக்கத்தான் செய்வார். எங்கள் மனைவிமாரும் நகைத்தனர். கல்லூரி விடுதியில் ஒரே அறைவரிசையில் வாழ்ந்த நாங்கள், ஐம்பதாம் வயதில் பனியைக் காண்போம் என்று அந்நாளிலேயே பேசி வைத்திருந்தோம். அப்பேச்சு 2022ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் எங்களைக் காசுமீரத்துக் குல்மார்க்கில் கொண்டுபோய் நிறுத்தியது.

குல்மார்க் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோடையில் மலர்கள் பூக்கும் புல்வெளி. குளிர்காலத்தில் ஆள் உயரத்திற்கும் பனி குவியும். அடிவாரத்துத் தங்மார்க்கிலேயே நாங்கள் வந்த வண்டியை விட்டிறங்கி, சக்கரங்களில் சங்கிலி பூட்டிய வேறொரு வண்டியில் ஏறவேண்டியதாயிற்று. எங்களுள் பள்ளி ஆசிரியராயிருக்கும் நண்பர் அப்போதே, “எனக்கு உயரம் ஆகாது, தலை சுற்றும். நான் கீழேயே உட்கார்ந்திருப்பேன்” என்று சொல்லிவிட்டார்.

முதல் மூன்று நாள்கள் தாழ்வான வெளியில் பயிற்சி. இரு பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து, கூரைச்சட்டம்போல் வைத்துக்கொண்டால் வேகம் குறையும். பாடம் இவ்வளவே. எனினும் முழங்கால்கள் அதை ஏற்றுக்கொள்ள மூன்று நாள் பிடித்தது. வழிகாட்டி காசுமீரத்து இளைஞர். அவர் இந்தியில் சொல்வதை வடக்கே பணிபுரிந்த வங்கி நண்பர் மொழிபெயர்ப்பார். நாங்கள் பாதி கேட்போம். ஆசிரியர் மட்டும் ஒவ்வொன்றையும் கேட்டு, திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொள்வார். அதையும் கேலி செய்தோம்.

நான்காம் நாள் விடிந்ததே கோணலாக. மருந்துக்கடை நண்பர் வாடகைக்கு எடுத்துவந்த பூட்சுகள் இரண்டும் வலக்காலுக்குரியவை. வெளிவரை நடந்து வந்து, இடக்காலை நுழைக்க முயன்று, “குளிரில் கால் வீங்கிவிட்டது” என்று அரைமணி நேரம் அவர் முனகிய பின்னரே உண்மை புலப்பட்டது. அடுத்து, மேட்டிற்கு இழுத்துச் செல்லும் கம்பியிலிருந்து நான் கைநழுவி விழுந்தேன். பின்னால் வந்த காப்பீட்டு நண்பர் என்மீது விழுந்தார். அவர்மீது முன்பின் அறியாத ஒரு பஞ்சாபிப் பெரியவர். மூவரின் பலகைகளும் பின்னிக்கொள்ள, எந்தக் கால் எவருடையது என்று பிரித்தெடுப்பதே பெரும்பாடாயிற்று. பெரியவர் சிரித்தபடி என் தொப்பியை அணிந்துகொண்டு போய்விட்டார்.

நண்பகலில் கொங்டூரிக்குச் செல்வதென முடிவாயிற்று. பழனியில் காணும் ரோப் காரைப் போன்றது அங்குள்ள கம்பிவட ஊர்தி. அதன் முதற்கட்டம் 1998இல் தொடங்கியது. அதில் ஏறி, மரங்களுக்கிடையே உள்ள தடத்தில் சறுக்கி இறங்கவேண்டும். ஆசிரியர், “உங்களோடு மேலே வருகிறேன், ஊர்தியிலேயே திரும்பிவிடுகிறேன்” என்றார்.

நான் சொன்னேன்: “வாத்தியாரே, நீ ஊர்தியில் இறங்கினால் ஊர் முழுக்க அதைத்தான் சொல்வோம்.” எல்லாரும் நகைத்தனர். அவரும் நகைத்துவிட்டு, பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

பாதி வழியில் மேகம் கவிந்தது. மேகத்தினுள் பனிக்கு நிழல் கிடையாது. பள்ளமும் மேடும் ஒரே வெண்மையாய்த் தோன்றும். நிற்கிறோமா நகர்கிறோமா என்பதே ஐயமாகிவிடும். வழிகாட்டி எங்களை ஒருவர் பின் ஒருவராக விட்டு, நின்ற இடந்தோறும் எண்ணினார். இரண்டு இடங்களில் ஆறு பேர். மூன்றாம் இடத்தை அடையுமுன் காப்பீட்டு நண்பர் ஓரத்து மென்பனியில் தலைகுப்புற விழ, கழன்ற பலகை பனிக்குள் புதைந்துபோயிற்று. எல்லாரும் குனிந்து ஊன்றுகோலால் துழாவினோம். அது அகப்பட்ட மகிழ்ச்சியில் எவரும் எண்ணவில்லை. ஆசிரியர் முன்னே சென்றிருப்பார் என்று பின்னிருந்தோர் கருதினர். பின்னே வருகிறார் என்று முன்னிருந்தோர் கருதினர்.

கீழே இறங்கியபோது ஐவர் இருந்தோம்.

வழிகாட்டியின் முகம் வெளிறியது. வெளிமாநிலத்து முன்கட்டணக் கைப்பேசி இணைப்புகள் அங்கே இயங்குவதில்லை, ஆசிரியருடையது அத்தகையது. மீட்புக்குழுவினர் இருவருடன் வழிகாட்டி மேலே விரைந்தார். நாங்கள் தேநீர்க் கடையில் அமர்ந்தோம். கடைக்காரர் தம் ஃபெரன் அங்கிக்குள்ளிருந்த காங்கிரி நெருப்புச் சட்டியை எடுத்து எங்கள் நடுவே வைத்தார். குங்குமப்பூ இட்ட கஃவா ஆறிக்கொண்டிருந்தது. எவரும் எவரையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

ஒரு மணி நேரத்திற்குப் பின் அவரைச் சறுக்குத் தொட்டிலில் கிடத்தி இழுத்து வந்தனர். ஒரு வளைவில் தடம் தவறி ஓரத்தில் சரிந்து, முழங்கால் திருகிக்கொண்டதாம். எங்கள் பேச்சொலி அவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் கூவியது எங்களுக்குக் கேட்கவில்லை. புதுப்பனி ஒலியை உறிஞ்சிவிடும். பிரிந்துவிட்டால் நகராதே, காயம்பட்டால் பலகைகளைக் குறுக்காகப் பனியில் நட்டு வை என்று வழிகாட்டி முதல் நாளே சொல்லியிருந்தார். அதைக் கேட்டு மனத்தில் இருத்தியவர் அவர் ஒருவரே. அந்தக் குறுக்குப் பலகைகளைக் கண்டுதான் அவரைக் கண்டுபிடித்தனர்.

எலும்பு முறியவில்லை, தசைநார் பிசகியிருந்தது. அவர் மனைவிக்குச் செய்தி சொல்லும் பொறுப்பை நானே ஏற்றேன். அந்த அம்மையார் கேட்டது ஒரே கேள்வி: “அண்ணா, அவர் மலைமேல் ஏறமாட்டேன் என்றுதானே சொல்லிவிட்டு வந்தார்?”

நான் விடை தேடிக்கொண்டிருக்கையில் ஆசிரியர் கைப்பேசியை வாங்கி, “நானாகத்தான் போனேன், ஆசையாக இருந்தது” என்றார். பிறகு மழை பெய்ததா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று விசாரித்தார். என்னை அவர் பார்க்கவில்லை.

மறு ஆண்டு 2023 பிப்ரவரி 1ஆம் நாள், அதே குல்மார்க்கின் உயரத்தில், அபர்வத் சரிவில் பனிச்சரிவு உண்டாகி, போலந்து நாட்டினர் இருவர் உயிரிழந்தனர். நாங்கள் இறங்கிய தடம் அதுவன்று. ஆயினும் செய்தியைப் படித்தவுடன் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பின்பு, பூட்சு மாறிய கதையை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் செய்த கேலியை அவர் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர்கள் இல்லத்திற்கும் இவ்விதழ் மாதந்தோறும் செல்கிறது. அதை முதலில் பிரித்துப் படிப்பவர் அந்தத் தங்கைதான்.