எந்த விமானக் கம்பெனியில் சேருவேன்?

 

பைலட் ஆவேன் என்று நம் வகுப்பில் யார் சொன்னாலும், "அதுக்கு எவ்ளோ செலவாகும் தெரியுமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். செலவு அதிகம்தான். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படிக்க வேண்டும். மருத்துவத் தேர்வில் தேற வேண்டும். 200 மணி நேரம் விமானம் ஓட்டிப் பழகினால்தான் லைசென்ஸ். நம்மைப் போன்றவர்கள் பல லட்சம் கடன் வாங்கித்தான் படிக்க முடியும். பெண்களால் முடியுமா என்ற கேள்வி மட்டும் வேண்டாம். உலகத்தில் 100 பைலட்டுகளில் சுமார் 5 பேர்தான் பெண்கள். இந்தியாவில் சுமார் 15 பேர்!

கடன் வாங்கிப் படித்தவர் எந்தக் கம்பெனியில் சேருவது என்பதை நன்றாக யோசிக்க வேண்டும். நம் ஊர் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்சுக்கு நிற்கும் அக்கா, அண்ணன்களைப் பாருங்கள். சேருவதற்கு முன், "சம்பளம் தேதிக்கு வருமா? நைட் ஷிப்டு எத்தனை? நடுவுல நின்னா விடுவாங்களா?" என்று விசாரிக்கிறார்கள். பைலட்டும் இதையேதான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

1. சம்பளம்: கிங்ஃபிஷர் 2005-ல் பறக்க ஆரம்பித்தது. பளபளப்பான கம்பெனி. ஆனால் ஒரு வருடம்கூட லாபம் பார்க்கவில்லை. பல மாதம் சம்பளம் கிடைக்காமல் பைலட்டுகளும் இன்ஜினியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012 அக்டோபரில் மூடிவிட்டது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் நின்றுபோயின. என் அப்பா கான்ட்ராக்ட் வேலை பார்த்த ஒரு கம்பெனி இரண்டு மாதச் சம்பளத்தை இழுத்தடித்தது. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. அதையே மீட்க ஒரு வருடம் ஆயிற்று. பல லட்சம் கடன் என்றால் என்ன ஆவது?

2. தூக்கம்: அப்பா நைட் ஷிப்டு முடித்து வண்டி ஓட்டி வரும் வரை அம்மா வாசலிலேயே நிற்பார். தூக்கக் கலக்கத்தில் ஹைவேயில் வருவது அவ்வளவு ஆபத்து. பைலட்டின் பின்னால் 180 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்! 2025-ல் வந்த விதிப்படி பைலட்டுகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. அதற்கேற்ற ஆட்களைத் திட்டமிடாததால் அந்த டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. இண்டிகோ நாட்டிலேயே பெரிய கம்பெனி. பெரிய கம்பெனி என்பதற்காக மட்டும் சேரக் கூடாது என்று இதில் தெரிகிறது.

3. விலகுவது: பிடிக்கவில்லை என்றால் உடனே மாறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2017-ல் வந்த விதிப்படி விலக நினைக்கும் கேப்டன் ஒரு வருடம் முன்னதாகவும், துணை பைலட் ஆறு மாதம் முன்னதாகவும் எழுதித் தர வேண்டும். அதனால் கையெழுத்துப் போடும் முன் எல்லாப் பக்கத்தையும் படிக்க வேண்டும்.

"முதல் வேலை கிடைச்சாலே பெருசு, இதுல கேள்வி வேறயா?" என்று சிலர் சொல்வார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஒரே ஒரு கம்பெனிதான் கூப்பிடுகிறது என்றால் சேர வேண்டியதுதான். ஆனால் இரண்டு கம்பெனி கூப்பிட்டால்? சம்பளம் பத்தாயிரம் குறைந்தாலும், தேதி தவறாமல் தருகிற, தூங்க விடுகிற கம்பெனியில்தான் நான் சேருவேன். யூனிபார்மின் அழகையும் விமானத்தின் பெயின்ட்டையும் பார்த்துச் சேர மாட்டேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். வானத்துக்கும் அது பொருந்தும். நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள், தோழிகளே!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, புதுவாயல்