மூன்று நிமிடம் நாற்பத்தைந்து விநாடி



இந்த வாரம் ஒரு குழந்தைகள் படப் புத்தகத்தைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜில் மர்ஃபி தாமே எழுதிப் படமும் வரைந்து, 1986-இல் வெளியான 'ஃபைவ் மினிட்ஸ் பீஸ்' என்பது அதன் பெயர். ஐந்து நிமிட அமைதி என்று பொருள். அதில் வருகிறவர்கள் யானைகள். ஆயினும் வீட்டில் குடியிருந்து, மேசையில் அமர்ந்து, காலை உணவைச் சிந்திச் சிதறி உண்ணும் யானைகள்.

தாயின் பெயர் மிஸஸ் லார்ஜ். மூன்று பிள்ளைகளின் அமளியைக் கண்ட அவள், தேநீர், மார்மலேட் தடவிய ரொட்டி, முந்தின நாள் மிஞ்சிய கேக் ஆகியவற்றை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு குளியலறைக்குள் போகிறாள். வெந்நீர்த் தொட்டியில் சாய்ந்து கண்களை மூடுகிறாள். அவ்வளவுதான்! மூத்தவன் லெஸ்டர் தன் குழலோடு வந்து ஒரே பாட்டை மூன்றரை முறை வாசிக்கிறான். அவனுக்கு இடங்கொடுத்தீர்களே, எனக்கு இல்லையா என்று லாரா வழக்காடி, ஒரு பக்கத்துக்கு அனுமதி பெற்று நாலரைப் பக்கம் படிக்கிறாள். கடைக்குட்டி தன் விளையாட்டுப் பொருள்களைத் தண்ணீரில் போடுகிறது. கடைசியில் மூவரும் தொட்டிக்குள் இறங்கிவிட, தாய் வெளியேறிச் சமையலறைக்குச் செல்லுகிறாள். அங்கே அவளுக்குக் கிடைப்பது மூன்று நிமிடம் நாற்பத்தைந்து விநாடி.

பிள்ளைகளை விட்டு ஓடப் பார்க்கும் தாயைச் சிறுவருக்குக் காட்டலாமா என்று சிலர் கேட்கக்கூடும். காட்டவேண்டும் என்பதே என் கருத்து. தாய்மையைத் தியாகம் என்று மட்டுமே நாம் பிரசங்கித்து வந்திருக்கிறோம். அதன் விளைவாக, சற்றுநேரம் தனித்திருக்க விரும்புவதையே பாவம்போல் எண்ணி உள்ளுக்குள் குமையும் தாய்மார் நம் நடுவில் உண்டு. மிஸஸ் லார்ஜ் ஒருவனையும் அடித்துத் துரத்தவில்லை. அவள் அன்பு குறைந்தவள் அல்ல, களைத்தவள்.

மாற்கு 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உண்பதற்கும் சமயமில்லாதிருந்த அப்போஸ்தலரைத் தனிமையான இடத்துக்கு வந்து இளைப்பாறும்படி ஆண்டவரே அழைத்தார். படவு கரைசேருமுன் ஜனங்கள் கால்நடையாய் ஓடி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குளியலறைக் கதவு திறந்ததுபோலத்தான்! அவர் மனதுருகி அவர்களுக்குப் போதித்தார் என்பதை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்லுகிறோம். அதே அதிகாரத்தில், ஜனங்களை அனுப்பிவிட்ட பின்பு அவர் ஜெபம்பண்ணத் தனியே மலையின்மேல் ஏறினார் என்பதை அவ்வளவாகச் சொல்லுவதில்லை. மனதுருக்கம் தனிமையின் தேவையைத் தள்ளிவிடவில்லை.

இப்புத்தகத்தில் தந்தை தென்படுவதேயில்லை. இக்குடும்பத்தைப் பற்றிய வேறு புத்தகங்களில் அவர் வருகிறார். இந்தக் காலைவேளையில் மட்டும் காணோம். நம் வீடுகளின் ஞாயிறு காலைகளிலும் அவர் பலமுறை இப்படித்தான். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட்டு, முதற்பாட்டு முடிந்தபின் மூச்சுவாங்க உள்ளே வருகிற சகோதரியைத் திரும்பிப் பார்க்கிறவர்களில், முன்னதாகவே வந்து அமர்ந்துவிட்ட அவள் கணவரும் ஒருவராயிருக்கிறார்.

தகப்பன்மாரே, வருகிற ஞாயிறு பிரசங்க வேளையில் குழந்தை அழுதால் நீங்கள் எழுந்து தூக்கிக்கொண்டு வெளியே செல்லுங்கள். பிரசங்கத்தை எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆயத்தமாய் வைத்திருக்கிறேன்.