மோட்டாரும் அதன் கணக்கும்

வீதியில் சப்தமின்றி ஓடும் மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றிலும், சிக்கனமாய்ச் சுழலும் புதிய விசிறிகளிலும் இருப்பது நிலைக்காந்தம் பொருந்திய, பிரஷ் இல்லாத மோட்டார். அதைப் பூட்ட நம்மவர் நன்கு கற்றனர். அதன் கணக்கை எழுத எத்தனை பேர் முன்வந்தனர் என்பதே நமது கேள்வி.

கணக்கு யாதெனில், சுருளுக்கு அளிக்கும் மின்னழுத்தத்தில் ஒரு பகுதி கம்பியின் தடையை வெல்லச் செலவாகிறது. ஒரு பகுதி, மின்னோட்டம் மாறுகையில் எழும் தூண்டலுக்கு ஈடாகிறது. எஞ்சியது, சுழலும் காந்தம் பிறப்பிக்கும் எதிர் மின்னழுத்தத்தைச் சமன் செய்கிறது. பிறந்த முறுக்குவிசை பளுவையும் உராய்வையும் வென்றபின் மிஞ்சுவதே வேகத்தைக் கூட்டுகிறது. 1989-ல் பிள்ளை, கிருஷ்ணன் என்னும் இரு நிபுணர்கள் இதை விரிவாக எழுதி அமெரிக்கப் பொறியியல் சஞ்சிகையில் வெளியிட்டனர். ஆகவே இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

சமன்பாடு யாவர்க்கும் பொது. அதில் இடும் எண்களோ அவ்வாறல்ல. உஷ்ணம் 100 டிகிரி ஏறினால் செம்பின் தடை சுமார் 39 சதவீதம் உயரும். நியோடிமியம் காந்தத்தின் வலிமை ஏறக்குறைய பத்திலொரு பங்கு குன்றும். அதே பளுவை இழுக்க மின்னோட்டம் மிகவேண்டும். இரண்டும் சேர, கம்பியில் வீணாகும் சக்தி ஏறக்குறைய 70 சதவீதம் அதிகரிக்கும். அது மேலும் உஷ்ணத்தை வளர்க்கும். 25 டிகிரியில் அளந்த எண்களை நம்பி, அக்கினி நட்சத்திரத்தில் இருவரைச் சுமந்து மேடேறும் வண்டிக்கு மோட்டார் தேர்வது நியாயமாகுமோ?

விலைக்கு வாங்கினால் போதாதா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். 2025 ஏப்ரலில் சீன சர்க்கார் சில அருமண் உலோகங்களையும் அவற்றாலாகும் காந்தங்களையும் அனுமதியின்றி ஏற்றுமதி செய்யலாகாதென விதித்தது. நமது வாகனத் தொழிற்சாலைகள் காந்தம் கிடையாமல் இடர்ப்பட்டன. கணக்கு அறிந்தவன், வலிமை குன்றிய பெரைட் காந்தத்தை இட்டால் செம்பும் இரும்பும் எவ்வளவு கூடவேண்டுமென்று இரும்பை வெட்டுமுன்னரே கண்டறிவான். அறியாதவன் துறைமுகத்தைப் பார்த்துக் காத்திருப்பான்.

நமது கலாசாலை மாணவர்கள் அந்நிய நூலில் கண்ட எண்களையே கம்ப்யூட்டரில் இட்டுப் படம் வரைந்து பட்டம் பெறுவது போதாது. நம் கடைகளில் விற்கும் மோட்டார்களின் தடை, தூண்டல், எதிர் மின்னழுத்தம், சடத்துவம் ஆகியவற்றை நமது கோடையிலேயே அளந்து, யாவரும் காணப் பிரசுரிக்க வேண்டும். சிறு பட்டறைக்காரரும் அதனால் பிழைப்பர். ஆசிரியர்கள் இதைக் கவனிப்பார்களாக.