எந்த மரத்தில் கட்டுவது?

ஸ்லாக்லைன் (மரங்களுக்கிடையே இழுத்துக் கட்டி நடக்கும் நாடா) கிட் வாங்கினால் நாடா, அதை இறுக்கும் ராட்செட், தொங்கு வளையங்கள், கயிற்று ஏணி எல்லாம் பெட்டியோடு வந்துவிடும். நாடா எத்தனை கிலோ தாங்கும் என்று அதில் தைத்த சீட்டிலேயே போட்டிருக்கும். கட்டப்போகிற மரம் எவ்வளவு தாங்கும் என்று எங்கும் எழுதியிருக்காது. 2023-இல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலா கிராமப் போட்டியில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள காந்தல்லூர் தங்கம் வென்றது. அதை அடுத்த மறையூர்ப் பக்கம் வருகிற குடும்பங்களை ஒரு பகல் பொழுதாவது தோட்டத்திலேயே நிறுத்திவைக்க முடியுமா என்று விடுதிக்காரர்கள் பார்க்கிறார்கள். பின்பக்கம் நாலு மரம் நின்றால், குழந்தைகளுக்கு ஒரு தடைப்பாதை கட்டிக்கொடுங்கள் என்று நம்மைத்தான் கூப்பிடுவார்கள். போனதும் நாடாவைப் பிரிக்காமல் மரத்தைச் சுற்றி வாருங்கள் என்பதே இந்த இதழில் நாம் சொல்ல வந்தது.

முதலில் கணக்கு. 12 மீட்டர் இடைவெளியில் கட்டிய நாடாவின் நடுவில் 70 கிலோ எடையுள்ள ஆள் நிற்கிறார். நாடா 60 செ.மீ. தொய்கிறது. எடையை நீளத்தால் பெருக்கி, தொய்வின் நான்கு மடங்கால் வகுத்தால் ஒவ்வொரு மரத்தையும் இழுக்கிற விசை ஏறக்குறைய வந்துவிடும்: 350 கிலோ. ராட்செட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித் தொய்வை 30 செ.மீ. ஆக்கினால் அதே ஆளுக்கு 700 கிலோ. துள்ளினால் இன்னும் ஏறும்.

நடக்கிற நாடாவை முழங்கால் உயரத்தில், 50 செ.மீ.யில் கட்டுகிறோம். வளையத்தில் தொங்கிப் போகிற நாடாவை 2 மீட்டரில் கட்ட வேண்டியிருக்கிறது. பிள்ளைகளின் கால் தரையில் இழுபடக் கூடாதே என்று அதைக் கூடுதலாக இறுக்கவும் செய்கிறோம். உயரம் நான்கு மடங்கு, இழுவை இரண்டு மடங்கு. மரத்தின் அடியை வளைக்கிற திருப்புவிசை எட்டு மடங்காகிவிடுகிறது. கிட் என்னவோ குழந்தைகளுக்கானது; மரத்துக்கு அதுதான் பெரிய சோதனை. மார்பளவு உயரத்தில் 30 செ.மீ. விட்டம் என்று பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு, அதாவது தையல்காரர் டேப்பில் சுமார் 95 செ.மீ. சுற்றளவு, தாழ்வான நடை நாடாவுக்குத்தான் போதும். உயரக் கட்டுவதற்கு அதைவிடத் தடித்த மரம் தேடுங்கள்.

மறையூர்த் தோட்டங்களில் அப்படி நிற்பது எது? கிராண்டிஸ் என்கிற தைல மரம் நேராக, வழவழவென்று, வேண்டிய இடைவெளியில் நிற்கும். பார்த்ததும் கை அரிக்கும். அடியைக் குனிந்து பாருங்கள். ஒருமுறை வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்து வளர்ந்த மரமென்றால் அது பழைய கட்டையோடு ஒட்டியிருக்கும் இடமே பலவீனம். தண்டு எவ்வளவு பருத்திருந்தாலும் அதில் கட்ட வேண்டாம். தைல மர வகைகள் காற்றில்லாத நாளிலும் கிளையை உதிர்ப்பவை என்பதால், நல்ல மரமானாலும் தலைக்கு மேல் காய்ந்த கொம்பு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் எளிதில் முறியும். கொடி மூடியிருப்பதால் பட்டையில் வெடிப்பு இருந்தாலும் தெரியாது. முருங்கையைப் பற்றி இந்த வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சந்தனம் அறவே கூடாது. சட்டம் காக்கிற மரம். பட்டையில் காயம் பட்டால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

பலா இருந்தால் நல்லது. வயதான மாமரம் உள்ளுக்குள் பொந்தாக இருக்கக்கூடும். மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டி ஓசையைக் கேளுங்கள். அடியில் காளானோ கரையான் மண்ணோ தெரிந்தால் விட்டுவிடலாம். மரங்களில் அமைக்கும் கயிற்றுப் பாதைகளுக்கான ஐரோப்பிய விதி ஈஎன் 15567, மரங்களைப் பற்றி நன்கு தெரிந்த ஒருவர் மரத்தைச் சோதிக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் அப்படிப்பட்டவரைக் கூப்பிடுவது வழக்கத்தில் இல்லை. கூலி மிச்சம் என்று விடுதிக்காரர் நினைக்கலாம், நாம் நினைக்கக் கூடாது. தகுந்த மரமே இல்லையென்றால் கழைக்கூத்தாடிகளைப் பாருங்கள்: மூங்கிலைக் குறுக்காக நிறுத்தி, கயிற்றை முளையடித்துத் தரையில் இறுக்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு மரமே தேவையில்லை.

தடைப்பாதையில் இன்னொரு சிக்கல், நடுமரம். இரண்டு பக்கமும் நாடா இழுக்கும்போது அது சமநிலையில் இருப்பதுபோல் தெரியும். மாலையில் ஒரு பக்கத்தை முழுக்கத் தளர்த்தியதும் மறுபக்க இழுவை மொத்தமும் அதன் மேல் விழும். ஆகவே ஒவ்வொரு நடுமரத்தையும் ஒரே பக்கச் சுமையைத் தனியாகத் தாங்குகிற மரமாகவே தேர்ந்தெடுக்க வேண்டும். நாடாக்களை இரு பக்கமும் மாறிமாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ராட்செட்டுகள் இறுக்கத்தில் சட்டென்று விடுபடும். முகத்தை நாடாவின் நேர்கோட்டிலிருந்து விலக்கியே திறக்க வேண்டும். ராட்செட் பறந்துவிடாமல் தடுக்க, தனிக் கயிறு ஒன்றை அதனூடே கோத்து மரத்தோடு கட்டிவிடுங்கள்.

நாடாவை நேரே மரத்தில் சுற்றாமல் 10 செ.மீ.க்குக் குறையாத அகலப் பட்டியைச் சுற்றி, அதற்கடியில் சாக்கோ தென்னங்கயிற்றுப் பாயோ வையுங்கள். நெடுநாள் நிற்கப்போகும் பாதையென்றால் மரச்சட்டங்களை நெட்டுக்குத்தாக அடுக்கி அதன்மேல் சுற்றுவதே சரி. அழுத்தம் சட்டங்களில் விழும், இடையிலுள்ள பட்டைக்குக் காற்றும் கிடைக்கும். இறுகச் சுற்றி மாதக்கணக்கில் விட்டால் பட்டைக்கடியில் உணவு போகிற பாதை அறுந்து, மரம் மேலிருந்து காயும்.

தரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐரோப்பிய விளையாட்டுத்திடல் விதிகளின்படி 2 மீட்டர் வரை விழக்கூடிய இடத்தில் மணலோ மரப்பட்டைத் துண்டுகளோ 20 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். மறையூரில் வெல்ல ஆலைக் கொட்டகைகளிலிருந்து கரும்புச் சக்கை கிடைக்கும். மலிவு என்று அதைப் பரப்பாதீர்கள், நாலு மழையில் ஊறி இறுகிவிடும். கல்லும் வேரும் துருத்துகிற இடமென்றால் பாதையின் திசையையே மாற்றுங்கள்.

அந்தியில் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், நாடாக்களையும் பட்டிகளையும் சேர்த்து. மறையூர், காந்தல்லூர், சின்னாறு ஓரத்துத் தோட்டங்களில் இரவில் யானை வரும், காட்டுமாடு வரும். மறுநாள் காலையில் மறுபடி கட்ட அரைமணி நேரம் ஆகும் என்று விடுதிக்காரர் முணுமுணுத்தால், அந்த அரைமணி நேரத்தில்தான் மரத்தின் அடியைச் சுற்றி மண் வெடித்திருக்கிறதா என்று பார்க்கப்போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.