விலையை வகுத்துப் பார்!

கடைக்காரர் சொல்லும் விலை, விலையே இல்லை. அது வெறும் ஆரம்பம். உண்மையான விலை, அந்தப் பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்து எத்தனை தடவை உபயோகிக்கிறோம் என்பதில் இருக்கிறது. விலையை மேலே எழுதுங்கள். உபயோகித்த தடவையைக் கீழே எழுதுங்கள். வகுங்கள். வருகிறதே, அதுதான் விலை!

நான் படித்தது பி.காம். பிழைப்பு எழுத்து. மூன்று வருடம் உட்கார்ந்து படித்த தேய்மானக் கணக்கை வேறு எங்கேயும் யாரும் கேட்காததால், வீட்டுச் சாமான்கள் மேல் பிரயோகித்து வருகிறேன்.

உதாரணத்துக்கு, எதிர் வீட்டு சார். 11,500 ரூபாய்க்கு உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று வாங்கினார். ஒன்பது நாள் மிதித்தார். வகுத்தால் மிதிப்புக்கு 1,277 ரூபாய் சொச்சம். அந்தக் காசுக்கு டாக்ஸியில் போய், பார்க்கில் நடந்துவிட்டு, டாக்ஸியிலேயே திரும்பியிருக்கலாம். இப்போது அந்த சைக்கிளில் துண்டு காய்கிறது. துண்டு நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

இதே முறையில் பட்டுப்புடவையையும் வகுக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். வகுக்கலாம். மனசுக்குள் வகுக்க வேண்டும். வாய்விட்டு வகுத்த கணவன்மார்கள் யாரும் அதற்கப்புறம் நிம்மதியாகச் சாப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை.

போகட்டும். பணம் போட்டதற்கு எங்கள் வீட்டில் பலன் தந்த சாமான்களைப் பார்ப்போம். முதலில் சுலபமான கணக்கு.

ஹாலில் இருந்த பழைய மின்விசிறி 75 வாட். அதைக் கழற்றிவிட்டு, 'பி.எல்.டி.சி.' என்று சொல்கிறார்களே, அந்தப் புது மாதிரி விசிறியை 3,100 ரூபாய்க்கு மாட்டினோம். இது முழு வேகத்தில் ஓடினாலும் 30 வாட்தான். மிச்சம் 45 வாட். திருச்சி வெயிலில் ஹால் விசிறி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது சுற்றும். ஆக தினம் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே மிச்சம். வருடத்துக்கு 197 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,180 ரூபாய் சொச்சம். மூன்று வருடம் முடிவதற்குள் விசிறி தன் விலையைத் தானே கட்டிவிடும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் இரண்டு மடங்குக்கு மேல் தாக்குப்பிடிப்பது இனாம்.

"அப்ப மிச்சமான அந்த ஆயிரத்து நூத்தி எண்பது எங்கங்க?" என்றாள் சகதர்மிணி.

அது கணக்கில் இருக்கிறது, கையில் இல்லை என்றேன். பி.காம். படித்தவர்களுக்கு இந்தப் பதில் புரியும்.

அடுத்தது தோசைக்கல். 2014-ல், புது மருமகள் வீட்டுக்கு வந்த சமயம், சமயபுரம் கோயில் பக்கத்துக் கடையில் அம்மா 350 ரூபாய்க்கு வாங்கிவந்த இரும்புக் கல். பார்த்தால் அழகாக இருக்காது. தூக்கினால் கை இறங்கும். கல்யாணப் பரிசாக வந்த மூன்று நான்-ஸ்டிக் தவாக்கள் பளபளவென்று வந்தன, கோட்டிங் உரிந்தன, போய்ச் சேர்ந்தன. இந்தக் கல் மட்டும் அடுப்படியில் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது.

வாங்கிய அன்றே அதில் தோசை வராது. அம்மா அரிசி கழுவிய தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டாள். புளி போட்டுத் தேய்த்தாள். காயவைத்து நல்லெண்ணெய் தடவி, அடுப்பில் வைத்து, பாதி வெங்காயத்தால் தேய்த்து, மறுபடி எண்ணெய். நாலாம் நாள் முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது தோசை, கரண்டியைப் பார்த்ததுமே எழுந்து வந்தது. இரும்பு சூடாகும்போது எண்ணெய் அதன்மேல் மெல்லிய படலமாக இறுகிக்கொள்கிறது. தோசை சுடச்சுட அந்தப் படலம் பலப்படும். சோப்பு போட்டுப் பரபரவென்று தேய்த்தால் போய்விடும். ஆக, உபயோகிக்க உபயோகிக்கத் தேய்வதற்குப் பதில் தேறுகிற சாமான் இது. எங்கள் தேய்மானப் பாடத்தில் இதற்கு இடமே கிடையாது!

வருடத்துக்கு இருநூறு நாள், பதினோரு வருடம். 2,200 தடவை. தடவைக்குப் பதினாறு பைசா. அந்தக் காலத்துத் தபால் கார்டே பதினைந்து பைசா விற்றது, ஐயா!

இனி கொஞ்சம் சிக்கலான கணக்கு. கிரைண்டர்.

1997-ல் எங்கள் வீட்டில் ஆறு பேர். பாட்டி, அப்பா, அம்மா, நாங்கள் மூன்று பிள்ளைகள். இட்லி விஷயத்தில் ஆளுக்கு ஆள் போட்டி. வாரத்துக்கு இரண்டு நாள் அம்மா கொல்லைப்புறத்து ஆட்டுக்கல் முன்னால் உட்காருவாள். இடது கையால் தள்ளிவிட்டுக்கொண்டே வலது கையால் குழவியைச் சுற்றுவாள். அரிசிக்கும் உளுந்துக்குமாகச் சேர்த்து இரண்டு மணி நேரம். எழுந்திருக்கும்போது வலது தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். ராத்திரி கோடாலித் தைலம் வாசனை வரும். மறுநாள் இட்லி பூப்போல இருக்கும். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது தின்கிற எங்களுக்குத் தோன்றவில்லை.

சீட்டுப் பணம் வந்ததும் அம்மா, "ஒரு கிரைண்டர் வாங்கிடலாங்க" என்றாள்.

பாட்டி உடனே, "மிஷின்ல அரைச்சா மாவு சூடேறிடும்டி. இட்லி கல்லாட்டம் வரும்" என்றாள். அப்பா, "மூவாயிரத்து அறுநூறு ரூபாயா? மாவு அரைக்கவா?" என்றார்.

அம்மா வழக்கமாக இரண்டாவது தரம் எதையும் கேட்கமாட்டாள். அன்றைக்குக் கேட்டாள். கிரைண்டர் வந்தது.

பாட்டி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மிக்ஸியின் பிளேடு படுவேகத்தில் சுற்றுவதால் மாவு சூடாகும். ஆனால் கிரைண்டரில் அரைப்பது கல். நிதானமாகத்தான் சுற்றும். மாவு அவ்வளவாகச் சூடேறாது. உளுந்துக்குள் காற்று புகுந்து பொங்கி வரும். ஆட்டுக்கல்லைக் குப்புறக் கவிழ்த்து யோசித்த மாதிரி, குழவியை நிறுத்திவைத்துக் கல்லைச் சுற்ற விட்டது கோயம்புத்தூர் மூளை. 1955-ல் பி.சபாபதி என்பவர் அங்கே இதை உருவாக்கியதாகச் சொல்வார்கள். இன்றைக்குக் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்ற சரக்கு.

முதல் நாள் மிஷின் மாவில் இட்லி. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஆறு இட்லி சாப்பிட்டாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பாராட்டு.

28 வருடம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு ஈடு என்றால் 2,912 ஈடு. நடுவில் பெல்ட் மாற்றியது, கண்டென்ஸர் மாற்றியது, கல் கொத்தியது எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 5,800. ஈட்டுக்கு இரண்டு ரூபாய்க்கும் ஒரு பைசா கம்மி. நல்ல கணக்குத்தான். ஆனால் இது கணக்கில் பாதி.

மீதி இதுதான். கிரைண்டரில் அம்மாவுக்கு வேலை, கழுவி வைப்பது உட்பட, அரை மணி. மிச்சம் ஒன்றரை மணி. 2,912-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 4,368 மணி நேரம். நாளாக்கினால் 182 நாள். ராத்திரி, பகல், தூக்கம், சாப்பாடு எதுவும் இல்லாமல் ஆறு மாதம்! அவ்வளவு நேரம் அந்தக் கல்லின் முன்னால் என் அம்மா உட்கார்ந்திருக்க வேண்டும். 3,600 ரூபாய் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. எங்கள் வீட்டு மளிகை நோட்டு, பால் நோட்டு, வங்கிப் புத்தகம் எதிலும் அம்மாவின் மணிக்கணக்குக்கு ஒரு பத்தி கிடையாது. அதனால் அது செலவாகிக்கொண்டிருந்ததும் தெரியவில்லை, மிச்சமானதும் தெரியவில்லை.

2011-ல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தபோது டீக்கடையில் கிண்டல் பண்ணியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர்கூட ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்த முகமாக இல்லை.

கிடைத்த ஒன்றரை மணி நேரத்தில் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு வாரப் பத்திரிகை படித்தாள். தொடர்கதையை வாய்விட்டுப் படிப்பாள். பக்கத்தில் நான். 'தொடரும்' என்று போட்டால் அவள் பத்திரிகைக்காரர்களைத் திட்டுவாள். நானும் சேர்ந்து திட்டுவேன். இன்றைக்கு இந்தப் பக்கத்தில் நான் எழுதுகிறேன் என்றால், அதற்கான முதல் போட்டது அந்தச் சீட்டுப் பணம்தான். (எழுத்து பிடிக்காதவர்கள் கிரைண்டர் கம்பெனியைக் கோபிக்க வேண்டாம்.)

கடைசியாக, வகுக்கவே முடியாத சாமான் ஒன்று.

2019-ல் வயரிங் வேலைக்கு வந்த எலெக்ட்ரீஷியன், "சார், ஒரு ஆர்.சி.சி.பி. போட்டுடுங்க" என்றார். மாட்டும் கூலியோடு 2,400 ரூபாய்.

"அதான் ட்ரிப்பர் இருக்கேப்பா" என்றார் அப்பா.

"ஐயா, அந்த எம்.சி.பி. வயரைக் காப்பாத்தும். இது ஆளைக் காப்பாத்தும்."

"இத்தனை வருஷம் இது இல்லாமலா இருந்தோம்?" கிரைண்டரைப் பற்றி 1997-ல் பேசிய அதே குரல். மருமகள் குறுக்கிட்டாள். "போடச் சொல்லுங்க மாமா. வீட்ல குழந்தை இருக்கு." அம்மா சமையலறையிலிருந்தே, "அவ சொல்றபடி செய்யுங்க" என்றாள். தீர்மானம் நிறைவேறியது.

இந்தச் சாமான் என்ன செய்கிறது என்பதைக் கணக்குப்பிள்ளை பாஷையில் சொல்கிறேன். வீட்டுக்குள் போகிற கரண்ட் பற்று. திரும்பி வருகிற கரண்ட் வரவு. இரண்டும் சமமாக இருக்க வேண்டும். நடுவில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கேயோ கசிந்து தரைக்குப் போகிறது என்று அர்த்தம். ஒருவேளை ஒரு மனுஷன் உடம்பு வழியாக. கணக்கு டேலி ஆகாத அந்தக் கணமே ஆபீஸை இழுத்துப் பூட்டிவிடுகிற ஆடிட்டர் இது. விளக்கம் கேட்காது, லஞ்சம் வாங்காது. (ஒரே ஆள் இரண்டு கம்பியையும் இரண்டு கையால் பிடித்தால் மட்டும் இதற்குத் தெரியாது. கணக்கு டேலி ஆகிவிடும்! ஆகவே தைரியத்துக்கும் ஓர் அளவு உண்டு. எர்த்தும் ஒழுங்காக இருக்க வேண்டும்.)

நாலு வருடம் அது சும்மா இருந்தது. உபயோகித்த தடவை பூஜ்யம். 2,400-ஐப் பூஜ்யத்தால் வகுக்க எந்தக் காலேஜிலும் சொல்லித்தரவில்லை. அப்பா மட்டும் போகும்போது வரும்போது அதைப் பார்த்து, "தண்டச்சோறு" என்பார்.

2023 நவம்பரில் ஒரு நாள் காலை. பள்ளிக்கூடம் போகிற அவசரம். ஹீட்டர் போட்டோம். டப்பென்று வீடு முழுக்கக் கரண்ட் போயிற்று. தூக்கிவிட்டால் மறுபடி டப். ஹீட்டரை அணைத்துவிட்டுத் தூக்கினால் நின்றது. பிள்ளைக்கு அடுப்பில் வெந்நீர் போட்டு அனுப்பினாள் மனைவி.

சாயங்காலம் அதே எலெக்ட்ரீஷியன் ஹீட்டரைக் கழற்றினார். உப்புத் தண்ணீர் அரித்து எலிமெண்ட் வெடித்திருந்தது. "கரண்ட் தண்ணியில இறங்கியிருக்கு சார். இது மட்டும் இல்லேன்னா..." என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற என் மகளைப் பார்த்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு முறைப்படி வகுத்தேன். 2,400 வகுத்தல் 1. தடவைக்கு 2,400 ரூபாய். எங்கள் வீட்டிலேயே தடவைக்கு அதிகம் பிடித்த சாமான் அதுதான். அப்பா அதற்கப்புறம் அந்தப் பெட்டியைக் கடக்கும்போது எதுவும் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு இருக்கிறது. யார் வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை.

ஆகவே வாசகர்களே, சாமான் வாங்கும்போது வகுத்துப் பாருங்கள். பணத்தை மிச்சம் பிடிக்கிறதா? நல்லது. வீட்டில் ஒருத்தியின் தோள்பட்டையை, மத்தியானத்தை மிச்சம் பிடிக்கிறதா? அதைவிட நல்லது, விலையைப் பார்த்துத் தயங்காதீர்கள். எதுவுமே நடக்காமல் பார்த்துக்கொள்கிறதா? அதை வகுக்காமலே வாங்கிவிடுங்கள். ஏனென்றால், நடக்காமல் போனதற்கு யாரும் பில் கொடுப்பதில்லை.

உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒரு தரம் அழுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். உடனே டப்பென்று விழுந்தால் ஆடிட்டர் விழித்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரே ஒரு எச்சரிக்கை: அழுத்தும் முன் ஹாலில் சீரியல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஷாக்கிலிருந்து காப்பாற்றும் சாமான் எதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை!